ஒரு கட்டை விரல் இடம்

நேற்றைய தபாலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வழவழப்பான தாள். தலையில் இரண்டு சங்கங்களின் முத்திரையும் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று யாரும் சண்டைக்கு வராதபடி அளந்து வைத்திருந்தார்கள். விஷயம் இதுதான். இனிமேல் மலைப்பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஷூ அளவு எடுக்கும்போது, பாதத்துக்கு முன்னால் ஒரு கட்டை விரல் பருமனுக்கு இடம் விட்டு வரைய வேண்டுமாம். அதற்கு 'வளர்ச்சி இடைவெளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு சங்கங்களும் சேர்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்த புதிய முறையாம். கீழே ஒரு படம் வேறு. நகம் வெட்டிய, மண்ணையே பார்க்காத ஒரு கட்டை விரல்.

அது என் கட்டை விரல். படத்தில் இருப்பது யாருடையதோ, ஆனால் பதினொரு வருடமாக அந்த இடத்தில் இருந்தது என்னுடையது. அதை அங்கே வைத்ததற்காக என்னை ஏறக்குறையத் திருடி என்று எழுதிய கடிதமும் என் அலமாரியில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே உறையில் போட்டு வைத்தேன். என் வீட்டுக்காரர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, உன் விரலைவிட லட்சணமாக இருக்கிறது என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. எனக்கு வயிறு எரிகிறது. யாரிடமாவது முதலிலிருந்து சொன்னால்தான் ஆறும்.

எங்கள் பள்ளியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை நாற்பத்தொரு பிள்ளைகள். டீச்சர்கள் இரண்டு பேர். நான் பெரிய டீச்சர், என்னைவிட இருபது வயது இளையவள் சின்ன டீச்சர். ஜீப் வருகிற பாதை கீழேயே நின்றுவிடும். அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஏறினால் பள்ளி. என் வீட்டுக்காரர் அந்த ஜீப்பை ஓட்டுகிறவர், வாரத்தில் நான்கு நாள் கீழே, மூன்று நாள் வீட்டில். பிள்ளைகள் எல்லாம் கல் உடைக்கிறவர்கள், விறகு சுமக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். குளிர்காலத்தில் பாறை மேல் காலையில் பனி உறைந்து கிடக்கும். காலில் ஒன்றும் இல்லாமல் வர முடியாது.

அதனால்தான் ஷூ. ஒரு சங்கம் ஷூ வாங்கித் தரும். இன்னொரு சங்கம் அதைச் சுமந்து கொண்டுவந்து சேர்க்கும். இரண்டும் கூட்டாளிகள். வாங்குகிற சங்கம், சுமக்கிற சங்கம் என்று நாங்கள் சொல்வோம். அவர்களுடைய உண்மையான பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு வரி நீளம்.

குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க வீட்டில்தான் இருக்கும். ஆனால் அவர்களுடைய வேகம் இருக்கிறதே. நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தாள் மேல் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பெயரெழுதி அனுப்புவோம். அந்தத் தாள்கள் ஜீப்பில் இறங்கி ஒரு அலுவலகம் போகும். அங்கிருந்து இன்னொரு அலுவலகம். இரண்டு சங்கமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் கூட்டத்தில் ஒப்புதல் ஆக வேண்டும். பிறகு தொழிற்சாலை, பிறகு கிடங்கு, பிறகு மழை நின்று பாதை திறக்க வேண்டும். ஆக ஒன்பது மாதம். ஒரு குழந்தையே பிறந்துவிடும், ஷூ வராது.

பிள்ளையின் கால் ஒன்பது மாதம் காத்துக்கொண்டிருக்குமா? முதல் வருடம் வந்த ஷூ ஒன்றுகூட யார் காலிலும் ஏறவில்லை. இரண்டாம் வருடம் நான் ஒரு வழி செய்தேன். கோடு போடும்போது பெருவிரல் நுனியில் என் கட்டை விரலைப் படுக்க வைத்து, அதற்கு வெளியே வரைந்தேன். அந்த வருடம் எல்லாருக்கும் சரியாக இருந்தது. அதிலிருந்து அதுதான் பழக்கம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள் என்று பயம்.

கோடு போடுவது சாதாரண வேலை இல்லை. பென்சில் நேராக நிற்க வேண்டும், உள்ளே சாய்ந்தால் கால் சின்னதாகிவிடும். பிள்ளைகளுக்குக் கூச்சம் வேறு, சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொள்ளும். எனக்கு முதுகு வளையாது. சின்ன டீச்சருக்குப் பொறுமை கிடையாது. இந்த வேலைக்கென்றே பிறந்த மாதிரி ஒருத்தி இருந்தாள். ஐந்தாம் வகுப்பில் அவள் ஒருத்திதான். வயதுக்கு மீறிய உயரம், அதனால் எல்லாருக்கும் நெட்டை. மூன்று வருடமாக நாற்பது பிள்ளைகளுக்கும் அவள்தான் கோடு போட்டாள். நான் விரலை வைப்பேன், அவள் வரைவாள். கணக்கிலும் அவளுடைய கை அப்படித்தான், ஒரு பிசிறு இருக்காது.

ஐந்துக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போக வேண்டும். மூன்று மணி நேர நடை. திங்கள்கிழமை காலை போய் அங்கே விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை திரும்புவார்கள். நெட்டையின் அக்கா இரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் போனவள்தான். அந்த வருடம் ஷூ இரண்டு மாதம் கிடங்கிலேயே கிடந்தது. காரணம் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. பெட்டி மேல் எந்தச் சங்கத்தின் பெயரை மேலே போடுவது என்று தகராறு. அந்தப் பெண் ரப்பர் செருப்போடு கணவாயில் நடந்தாள். திடீரென்று பனி கொட்டியது. அவளுடைய அப்பாதான் போய் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். வலது காலில் இரண்டு விரல் பனியில் கருகிப் போய்விட்டது. இப்போது வீட்டில் இருக்கிறாள், நொண்டி நொண்டி நடக்கிறாள். நான் அந்த வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன்.

அந்த மனிதர் கல் உடைக்கிறவர். அதிகம் பேச மாட்டார். நெட்டையை அனுப்பும்படி நான் எத்தனையோ தடவை போய்க் கேட்டேன். கடைசியில் ஒரு நாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஷூ வந்து, அது அவ காலுக்குச் சரியா இருந்தா அனுப்புறேன் டீச்சர். இந்த ஒரு வருஷம் பாப்போம். இல்லன்னா அவளும் என்கூட கல்லுக்கு வரட்டும்."

நியாயமான பேச்சு. அதற்கு மேல் நான் என்ன சொல்ல? முதலில் இந்த வருடம் போகட்டும், அடுத்த வருடச் சண்டையை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் நாங்கள் அந்த வருடத்துத் தாள்களை அனுப்பினோம். ஒன்பது மாதம் கழித்து ஏதாவது வரும் என்று பார்த்தால் மூன்றாவது வாரமே ஆள் வந்தார். வாங்குகிற சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த கண்காணிப்பு அலுவலர். முப்பது வயது இருக்கும், ஒல்லி, குள்ளம், இடுப்பில் அளவு டேப். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் டேப் சார் என்று பெயர் வைத்துவிட்டன. கையில் எங்கள் தாள்களின் நகல். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, பாதத்தை டேப்பால் அளப்பார், தாளைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், குறித்துக்கொள்வார். நாற்பத்தொரு பாதம், நாற்பத்தொரு உதட்டுப் பிதுக்கல்.

நான் விளக்கிச் சொன்னேன். இன்று வரைந்தால் ஷூ எப்போது வரும், அதற்குள் கால் எவ்வளவு வளரும், எல்லாம் பொறுமையாகச் சொன்னேன். எனக்குப் பொறுமை வருவது குதிரைக் கொம்பு, அன்றைக்கு வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது புரியுது டீச்சர். ஆனா படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. எங்கள் தாள்களில் 'திட்டமிட்ட மிகை' காணப்படுகிறதாம். கூடுதல் அளவுள்ள ஷூக்கள் 'பெரியவர்களின் உபயோகத்துக்காக' இருக்கலாம் என்று ஐயம் எழுகிறதாம். சரியான அளவில் மீண்டும் வரைந்து அனுப்பவும்.

பெரியவர்களின் உபயோகம். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது என் காலில் கிடந்தது டயர் ரப்பர் ஒட்டுப் போட்ட ஷூ, நான்கு வருடப் பழசு. எனக்குக் காது சிவந்துவிட்டது. சின்ன டீச்சரைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். பிறகு பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னேன். அன்றைக்கே வரைந்து அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்று வெறி. நெட்டை வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து முதல் பிள்ளையின் காலைத் தாளில் வைத்துவிட்டு, என் விரலுக்காகக் காத்திருந்தாள்.

"விரல் வைக்கலயா டீச்சர்?"

"வேண்டாம். ஒரு நூல்கூட அதிகமா இருக்கக் கூடாது. காலை ஒட்டியே போடு. அவங்களுக்குத் தெரியட்டும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காலை ஒட்டியே போட்டாள். நாற்பது பிள்ளைகளுக்கும் அப்படிப் போட்டுவிட்டு, கடைசியில் தன் காலைத் தானே வைத்து, தானே குனிந்து, அதையும் அப்படியே போட்டாள்.

அந்த வாரம் வீட்டுக்காரர் தாள்கட்டை வாங்கி ஜீப்புக்கு எடுத்துப் போகும்போது விஷயத்தைக் கேட்டார். நான் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருப்பது அபூர்வம்.

"கோவம் உனக்கு அவங்க மேல. ஷூ போடப் போறது புள்ளைங்க."

உங்களுக்கு என்ன தெரியும், ஜீப்பை ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கட்டை அவர் கையிலிருந்து பிடுங்கித் திரும்ப வரைந்திருக்கலாம். ஒரு நாள் வேலை. ரோஷம் விடவில்லை. ஆமாம், தப்பு என்மேல்தான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை வாங்கியிருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

ஒன்பது மாதம் ஓடியது. நெட்டை அந்த ஒன்பது மாதத்தில் வளர்ந்த மாதிரி யாரும் வளர்ந்து நான் பார்த்ததில்லை. கதவு நிலையில் தலை இடிக்காத குறை. போன வருட ஷூவின் முன்பக்கத்தை அவளுடைய அப்பா கத்தியால் வெட்டிவிட்டிருந்தார், விரல்கள் வெளியே தெரிய நடந்துகொண்டிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கணக்கு ஓடும். பிறகு வேறு வேலையில் புத்தியைத் திருப்பிக்கொள்வேன்.

அந்தப் பக்கத்துப் பள்ளியில் இடம் சொல்லி வைத்திருந்தேன். திங்கள்கிழமை கடைசி நாள். அதற்குள் பிள்ளை நேரில் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அங்குள்ள தலைமையாசிரியர் போனில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஷூ வந்ததோ அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை.

சுமை தூக்குகிறவர்கள் ஆறு பேர் பெட்டிகளைக் கொண்டுவந்து வகுப்பறையில் இறக்கினார்கள். பின்னாலேயே டேப் சார். வழியில் நல்ல மழை போல, முழங்கால் வரை சேறு. வராந்தாவில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றி ஓரமாகக் காய வைத்தார், காலுறையைப் பிழிந்து கம்பியில் போட்டார். குதிகாலில் கொப்புளம். சின்ன டீச்சர் வெந்நீர் கொடுத்தாள். நான் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு பெட்டி மேலும் ஒரு பிள்ளையின் பெயர். பெயரைக் கூப்பிட்டு, பெட்டியைக் கொடுத்து, போட்டவுடன் ஒரு படம் எடுக்க வேண்டும். முதல் பையனுக்கு விரல்கள் போயின, குதிகால் போகவில்லை. இரண்டாவது பிள்ளைக்கும் அப்படியே. சின்ன டீச்சர் கரண்டியைக் குதிகாலில் வைத்து நெம்பிப் பார்த்தாள். ஆறாவது பிள்ளை வலியில் அழ ஆரம்பித்ததும் நான் நிறுத்தச் சொன்னேன். டேப் சார் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு நான் பெட்டிகளின் மேலிருந்த பெயர்களை மறந்துவிடச் சொன்னேன். பிள்ளைகளைக் கால் அளவுப்படி சிறியதிலிருந்து பெரியதுவரை சுவரோரமாக நிற்க வைத்தேன். ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்த பெரிய கால்காரனின் ஷூவைக் கொடுத்தேன். சின்னவனுக்கு அடுத்தவனுடையது, அடுத்தவனுக்கு அதற்கடுத்தவளுடையது. டேப் சார், பெயர் மாறினால் படத்தில் தப்பாகிவிடுமே என்று மெல்லச் சொன்னார். ஷூவைப் பெயருக்கா போடுகிறோம் காலுக்கா என்று கேட்டேன்.

ஒரு மணி நேரத்தில் நாற்பது பிள்ளைகளுக்கும் முன்னே பின்னே பொருந்திவிட்டது. கடைசியில் ஆகச் சின்ன ஷூ ஒரு ஜோடி மிச்சம், போட ஆளில்லை. வரிசையின் அந்தக் கோடியில் நெட்டை நின்றாள். அவளுடைய ஷூ அவளுக்கு முந்தினவன் காலில் இருந்தது. அவளுக்கு மேலே பெரிய கால் யாருக்கும் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் ஷூ அவளுக்கு இரண்டு விரல் சின்னது, அது எனக்கு முன்பே தெரியும். சின்ன டீச்சருடையதும் அப்படித்தான். என் வீட்டுக்காரருடையதைப் போன மாதமே துணி அடைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று, அவளுடைய அப்பா அதை உதறிப் பார்த்துவிட்டு, இறக்கத்தில் இது கழன்று ஓடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்ப இரண்டு நாள், அங்கே கணவாய்க்குத் தாங்குகிற ஷூ கிடைக்கும் என்று நிச்சயமும் இல்லை. யோசிக்க வேண்டியதெல்லாம் யோசித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து டேப் சார் ஒரு படிவத்தை நீட்டினார். 'அனைத்துப் பயனாளிகளுக்கும் சரியான அளவில் காலணி கிடைத்தது.' கீழே என் கையெழுத்துக்கு இடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்குத் தம்பி சரியா இருக்கு? நீங்களே பாருங்க."

"நான் டேப்புல வந்ததத்தான் எழுதினேன் டீச்சர். டேப் பொய் சொல்லாது."

"டேப் வளராது தம்பி. புள்ளைங்க வளரும்."

அவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். இந்தப் படிவம் போகாவிட்டால் இரண்டு சங்கத்தின் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்க மாட்டார்களாம். ஏற்கெனவே அவர்களுக்குள் மனஸ்தாபம், சாக்குக் கிடைத்தால் பிரிந்துவிடுவார்களாம். அடுத்த வருடம் இந்த மலைக்கு ஷூ இருக்காது. அவர் மிரட்டவில்லை, பார்த்தாலே தெரிந்தது, பயந்துதான் சொன்னார். குளிரில் வெறுங்காலோடு நின்று ஒரு காலை மறு கால் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

போடா நீயும் உன் படிவமும் என்று கிழித்துப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும். கை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் போன தடவை ரோஷத்தில் நான் செய்த காரியம்தான் சுவரோரமாக வெட்டுப்பட்ட ஷூவோடு நின்றுகொண்டிருந்தது. கோபம் எனக்கு அவர்கள் மேல், ஷூ போடப்போவது பிள்ளைகள். என் வீட்டுக்காரர் சொன்னது சரி என்பதைவிட எரிச்சல் தரும் விஷயம் உலகத்தில் எனக்கு வேறொன்றும் இல்லை.

நெட்டையைக் கூப்பிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் கேட்கத்தான் சொன்னேன்.

"தப்பு என்னோடது. நீ விரல் வைக்கலயான்னு கேட்ட. நான்தான் வேண்டாம்னேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், பிறகு நேராக அங்கே போய் உட்கார்ந்தாள். காய்ந்துகொண்டிருந்த டேப் சாரின் ஷூவில் ஒன்றை எடுத்து, அடிப்பாகத்தைத் தன் உள்ளங்காலோடு சேர்த்து வைத்தாள். குதிகாலைக் குதிகாலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முன்னால் தன் கட்டை விரலைப் படுக்க வைத்தாள். மூன்று வருடம் பார்த்த வேலை.

"டீச்சர், சாரோட ஷூ எனக்கு ஒரு விரல்தான் கூட."

கேட்கிற குரல் இல்லை அது. அளவு சொல்கிற குரல். டேப் சார் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார், இத்தனை நாள் அது அவருக்கே தெரியாத மாதிரி.

நான் படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"கையெழுத்து போடுறேன் தம்பி. எல்லாருக்கும் சரியா இருக்குன்னே போடுறேன். அது உண்மையா இருக்கணும், அவ்வளவுதான். நீங்க கழட்டினதக் கழட்டினபடியே விட்டுட்டுப் போங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அந்த ஷூ அலுவலகம் கொடுத்ததாம், எண் குத்தியிருக்கிறதாம், திரும்பிப் போனதும் காட்ட வேண்டுமாம். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத வேண்டுமாம். என்னவென்று எழுதுவது என்று என்னையே கேட்டார்.

"புள்ளைங்க ஷூ பெரியவங்க உபயோகத்துக்குப் போகுதுன்னு எழுதினீங்கல்ல? இப்ப பெரியவரோட ஷூ புள்ளை உபயோகத்துக்குப் போச்சுன்னு எழுதுங்க. அதுக்காவது கட்டம் இருக்கான்னு பாப்போம்."

சின்ன டீச்சர் கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டாள். டேப் சார் கம்பியில் போட்டிருந்த காலுறையையும் எடுத்துக்கொண்டு வந்து ஷூவுக்குள் செருகினார். இதுவும் இருக்கட்டும், அப்போதுதான் குதிகால் பிடிக்கும் என்று நெட்டையிடம் சொன்னார். பிறகு இடுப்பிலிருந்த டேப்பைச் சரிசெய்துகொண்டார். நல்ல பிள்ளைதான், யாரோ தப்பான வேலையில் போட்டிருக்கிறார்கள்.

நாற்பத்தொரு பயனாளிகள் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மனதில் உறுத்தலே இல்லை. மிச்சமிருந்த சின்ன ஜோடியை அலமாரியில் வைத்தேன், அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்புக்கு வருகிற ஏதாவது பொடிசுக்கு ஆகும். டேப் சார் என் வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அது அவருக்கு எந்த விதத்திலும் பொருந்தாது, பாதிச் செருப்பு பின்னால் அடித்துக்கொண்டு வரும். வழியில் மூன்று இடத்தில் விழுந்தாராம், ஜீப்பில் ஏறியவுடன் ஒன்பது மாதம் தாமதமாவதைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் விலாவாரியாகக் கேட்டாராம். அப்புறம்தான் சுற்றறிக்கை, வளர்ச்சி இடைவெளி, கூட்டு ஆய்வு எல்லாம். ஆய்வு நடந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். அந்த இறக்கம்தான்.

திங்கள்கிழமை விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். நெட்டையும் அவளுடைய அப்பாவும் பள்ளி வாசலில் நின்றார்கள். அவள் தோளில் துணிமூட்டை, காலில் டேப் சாரின் ஷூ, நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசியிருந்தது. நான் வெளியே வந்தேன். ஷூ யாருடையது, எப்படி வந்தது என்றெல்லாம் கேட்பார் என்று பதிலை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஆம்பளை ஷூ ஆயிற்றே என்று தட்டிக் கழிப்பாரோ என்று அதற்கும் ஒரு பதில். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சமைக்கும்போதுகூட அதையேதான் சொல்லிப் பார்த்தேன்.

அவர் எதுவும் கேட்கவில்லை. மகளை வாசற்படியில் உட்காரச் சொன்னார். முன்னால் குந்தி உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். குதிகாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. பிறகு ஷூவின் முன்பக்கத்தில், பெருவிரல் எங்கே முடிகிறது என்று தன் கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் தேடினார். கல் உடைத்துக் காய்த்துப்போன விரல், நகம் பாதிதான் இருக்கும். அந்த இடத்தில் அது நின்றது.

"ஒரு விரல் இடம் இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமலே. "அடுத்த வருஷத்துக்கும் வரும்."

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, மூட்டையை மகளிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் கணவாய்ப் பக்கம் நடந்தார்கள். அடுத்த வருடத்தைப் பற்றி நான் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.